கிளாஸ்கோ மேடையும் திருப்பூர் பாய்லரும்: இளைஞர் பருவநிலை மாநாடு நமக்கு எதற்கு?

2021 நவம்பர் 2. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் காப்26 என்ற ஐ.நா. பருவநிலை மாநாடு நடந்துகொண்டிருந்தது. உலகத் தலைவர்கள் கூடியிருந்த அரங்கில் திருவண்ணாமலையைச் சேர்ந்த பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் எழுந்து பேசினார். பிரதமர் மோடியும் அங்கே இருந்தார். வெற்று வாக்குறுதிகளைக் கேட்டுக் கேட்டுத் தன் தலைமுறைக்குக் கோபம் வந்துவிட்டது, ஆனால் கோபப்பட நேரமில்லை, வேலையைத் தொடங்க வேண்டும் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். தமிழ்நாடே அந்தச் செய்தியைப் பெருமையோடு படித்தது.

ஆறு நாள் கழித்து, நவம்பர் 8 அன்று, அதே கிளாஸ்கோவில் இன்னொரு அறிவிப்பு வந்தது. உலகின் பெரிய ஆடை நிறுவனங்கள் சேர்ந்து, தங்களுக்குத் துணி தயாரித்துக் கொடுக்கும் ஆலைகளில் நிலக்கரி எரிப்பதை 2030-க்குள் நிறுத்துவதாக ஒப்புக்கொண்டன. இது இங்கே அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஆனால் திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருப்பவருக்கும், அங்கே பாய்லர் ஓட்டுபவருக்கும், தைத்து மடித்துப் பெட்டியில் போடும் பல லட்சம் தொழிலாளர்களுக்கும் நேரடியாகச் சம்பந்தப்பட்ட முடிவு அது.

'பருவநிலை மாநாடுன்னா பெரிய பெரிய ஆளுங்க பேசுறது, நமக்கெதுக்குங்க?' என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மாநாடுகளில் இளைஞர்களுக்கு என்ன வேலை, அங்கே எடுக்கும் முடிவு எப்படிப் பனியன் கம்பெனி வாசலுக்கு வருகிறது, திருப்பூரிலிருந்து ஒருவர் போனால் எதைப் பேசலாம் என்பதைப் பார்க்கலாம்.

இளைஞர் பருவநிலை மாநாடு என்றால் என்ன?

ஐ.நா. பருவநிலை மாநாடு (சுருக்கமாக 'காப்') ஆண்டுதோறும் ஏதாவது ஒரு நாட்டில் நடக்கும். அதற்குச் சில நாட்கள் முன்பு, பெரும்பாலும் அதே ஊரில், இளைஞர்களுக்கென்று தனியாக ஒரு மாநாடு கூடும். அதன் பெயர் 'இளைஞர் மாநாடு', சுருக்கமாக 'காய்'. முதல் 'காய்' 2005-ல் கனடாவின் மான்ட்ரியலில் நடந்தது. கிளாஸ்கோவில் நடந்தது பதினாறாவது. 2021 அக்டோபர் 28 முதல் 31 வரை நான்கு நாட்கள் கூடினார்கள்.

இதை நடத்துவது 'யங்கோ' என்ற இளைஞர் கூட்டமைப்பு. ஐ.நா. பருவநிலைப் பேச்சுவார்த்தையில் தொழில் துறைக்கு ஒரு குழு, விவசாயிகளுக்கு ஒரு குழு, தொழிற்சங்கங்களுக்கு ஒரு குழு என்று அங்கீகரிக்கப்பட்ட பார்வையாளர் குழுக்கள் இருக்கின்றன. அந்த வரிசையில் இளைஞர்களுக்கான குழுதான் யங்கோ. 2009-ல் தற்காலிகமாகவும் 2011-ல் முழுமையாகவும் அங்கீகாரம் கிடைத்தது. 35 வயது வரை உள்ளவர்களை இளைஞர் என்று அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

மாநாட்டின் முடிவில் ஓர் அறிக்கை எழுதுவார்கள். அது பேச்சுவார்த்தை நடத்துபவர்களிடம் கொடுக்கப்படும். நாடுகள் அதை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஓட்டுப் போடும் உரிமையும் இளைஞர் குழுவுக்கு இல்லை.

இதைத் தவிர வேறு கூட்டங்களும் உண்டு. 2021 செப்டம்பர் 28 முதல் 30 வரை இத்தாலியின் மிலான் நகரில் நடந்த கூட்டத்துக்கு ஏறத்தாழ எல்லா நாடுகளிலிருந்தும் சுமார் 400 இளைஞர்கள் வந்தார்கள். தலைவர்களின் பேச்சை 'ப்ளா ப்ளா ப்ளா' என்று கிரெட்டா துன்பர்க் கிண்டலடித்தது அங்கேதான்.

யார் போகலாம்?

காப் மாநாட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. பேச்சுவார்த்தை நடக்கும் இடம் 'நீல மண்டலம்'. பொதுமக்களும் நிறுவனங்களும் வந்து பார்க்கும் இடம் 'பச்சை மண்டலம்'. நீல மண்டலத்துக்குள் போக அடையாள அட்டை வேண்டும். அரசுப் பிரதிநிதிகள், அங்கீகாரம் பெற்ற அமைப்புகளின் பார்வையாளர்கள், பத்திரிகையாளர்கள் ஆகியோருக்குத்தான் அது கிடைக்கும். தனி ஆளாக விண்ணப்பித்து உள்ளே போக முடியாது. ஏதாவது ஓர் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு பெயர் கொடுக்க வேண்டும்.

இளைஞர் மாநாட்டுக்கு இந்த அளவு கெடுபிடி இல்லை. இணையத்தில் விண்ணப்பித்தால் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் விமான டிக்கெட், விசா, தங்கும் செலவு எல்லாம் இருக்கிறது. சிலருக்கு உதவித்தொகை கிடைக்கும், பலருக்குக் கிடைக்காது. அதனால்தான் ஒவ்வொரு நாட்டிலும் உள்நாட்டு இளைஞர் மாநாடுகள் நடத்தும் ஏற்பாடு வந்தது. இந்தியாவிலும் அவை நடந்திருக்கின்றன. அங்கே திரட்டும் கருத்துகள் உலக அறிக்கைக்குப் போகும்.

இதில் ஒரு முக்கியமான சிக்கல் இருக்கிறது. திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் சுமார் 6 லட்சம் பேர் நேரடியாக வேலை செய்வதாகத் தொழில் அமைப்புகள் சொல்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் 35 வயதுக்கு உட்பட்டவர்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வந்தவர்கள், பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் எல்லாம் இதில் அடக்கம். மாநாட்டுக் கணக்குப்படி இவர்கள் எல்லோரும் 'இளைஞர்கள்'. ஆனால் வாரச் சம்பளத்திலும் பீஸ் ரேட்டிலும் வேலை பார்ப்பவர் நான்கு நாள் லீவு போட்டால் அந்தச் சனிக்கிழமை கையில் ஒன்றும் வராது. ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு இரவு ரூமுக்கு வருபவர் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதி அனுப்புவது நடக்கிற காரியமா?

ஆகவே இப்படிப்பட்ட மாநாடுகளுக்குப் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள்தான் போகிறார்கள். போகிறவர் யார் என்பதைவிட, யாருடைய சங்கதியை எடுத்துக்கொண்டு போகிறார் என்பதுதான் அதனால் முக்கியமாகிறது.

வினிஷா கொண்டுபோனது என்ன?

வினிஷா கிளாஸ்கோவுக்கு எடுத்துப்போனது ஓர் இஸ்திரி வண்டியின் கதை. தெருமுனையில் நின்று துணி தேய்க்கும் வண்டிகளை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். நாள் முழுக்கக் கரி எரியும். புகை முதலில் போவது தேய்ப்பவரின் நுரையீரலுக்குத்தான். அந்தக் கரிக்குப் பதிலாகச் சூரிய மின்தகடும் பேட்டரியும் வைத்து ஒரு வண்டியை அவர் வடிவமைத்தார். 2020-ல் ஸ்வீடனின் 'சிறார் பருவநிலைப் பரிசு' அதற்குக் கிடைத்தது. 2021-ல் இங்கிலாந்து இளவரசர் வில்லியம் தொடங்கிய 'எர்த்ஷாட்' பரிசின் இறுதிச் சுற்றுக்கும் வந்தது. காற்று மாசு பிரிவில் பரிசை வென்றதும் இந்திய முயற்சிதான்: பயிர்க்கழிவை எரிக்காமல் பயன்படுத்த வித்யுத் மோகன் தொடங்கிய 'டக்காச்சர்'.

உலகம் வெப்பமாகிறது என்று பொதுவாகப் பேச ஆயிரம் பேர் இருந்தார்கள். தன் தெருவில் கரி எரிவதைக் காட்டி, இவருக்கு என்ன மாற்று என்று அவர் கேட்டார். அதனால்தான் அந்தப் பேச்சு எல்லோர் மனதிலும் நின்றது.

திருப்பூருக்கு இந்தக் கதை அந்நியமில்லை. இங்கேயும் பனியன் பெட்டிக்குள் போவதற்கு முன்பு கடைசியாக அதைத் தொடுவது அயர்ன் மாஸ்டரின் கைதான். இங்கே தெருமுனைக் கரிப்பெட்டிக்குப் பதில் நீராவி இஸ்திரி. அந்த நீராவிக்கும் எங்கோ ஒரு நெருப்பு எரிந்தாக வேண்டும்.

அதே ஊரில் எடுத்த இன்னொரு முடிவு

கிளாஸ்கோ மாநாட்டில் அரசுகள் நிலக்கரி பற்றி மணிக்கணக்கில் பேசின. 2070-ல் நிகர பூஜ்ஜிய உமிழ்வை எட்டுவதாக இந்தியா அறிவித்தது. கடைசி நேரத்தில், இறுதித் தீர்மானத்தில் நிலக்கரி மின்சாரத்தை 'ஒழிப்போம்' என்று இருந்த சொல் இந்தியாவின் கோரிக்கையால் 'படிப்படியாகக் குறைப்போம்' என்று மாறியது. வளரும் நாடுகளின் நிலைமையைச் சொல்லித்தான் இந்தியா அந்த மாற்றத்தைக் கேட்டது.

அரசுகள் 'குறைப்போம்' என்றன. ஆடை நிறுவனங்களோ 'நிறுத்துவோம்' என்றன. இதுதான் திருப்பூர் கவனிக்க வேண்டிய இடம்.

2018 டிசம்பரில் போலந்தில் நடந்த காப்24 மாநாட்டில் 'ஆடைத் துறையின் பருவநிலைச் சாசனம்' என்ற ஒப்பந்தம் உருவானது. எச் அண்ட் எம், அடிடாஸ், பூமா, இண்டிடெக்ஸ் போன்றவை அதில் கையெழுத்திட்டன. 2030-க்குள் கரியமில உமிழ்வை 30 சதவீதம் குறைப்பதாக அப்போது சொன்னார்கள். கிளாஸ்கோவில் அதைப் பாதியாகக் குறைப்பது என்று இலக்கை உயர்த்தினார்கள். அத்தோடு, தங்கள் சப்ளையர்களின் ஆலைகளிலும் நிலக்கரியை 2030-க்குள் நிறுத்துவது என்று சேர்த்துக்கொண்டார்கள். அப்போது சுமார் 130 நிறுவனங்கள் அதில் இருந்தன.

நாட்டின் சட்டம் ஒரு வேகத்தில் வரும். பையர் போடும் நிபந்தனை வேறு வேகத்தில் வரும். 2070-க்கு நாள் இருக்கிறது என்று நினைப்பவருக்கும் 2030-க்கான கேள்வித்தாள் ஆடிட் மேசைக்கு வந்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியமும் இதே திசையில் போகிறது. 2024 ஜூலை 18 முதல் அங்கே நடைமுறைக்கு வந்த ஒரு சட்டப்படி, பொருட்களுக்கு 'டிஜிட்டல் பாஸ்போர்ட்' கொண்டுவரப் போகிறார்கள். அந்தப் பொருள் எதனால் ஆனது, சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு பாதிப்பு போன்ற விவரங்கள் அதில் இருக்கும். முன்னுரிமைப் பட்டியலில் ஜவுளியும் இருக்கிறது.

திருப்பூரில் நெருப்பு எங்கே எரிகிறது?

ஒரு டீ-ஷர்ட் வரும் வழியைப் பார்த்தால் புரியும். நூல் வந்து நிட்டிங் எந்திரத்தில் துணியாகும். அதைச் சலவை செய்து, சாயம் ஏற்றி, பலமுறை அலச வேண்டும். சலவைக்குத் தண்ணீர் கொதிநிலையை நெருங்க வேண்டும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்துக்குச் சுமார் 60 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு துணியைக் காயவைத்து, சுருங்காமல் இருக்க காம்பாக்டிங் செய்ய வேண்டும். இதற்கெல்லாம் பாய்லரிலிருந்து நீராவி போகிறது. அதன் பிறகுதான் கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். தையல் எந்திரம் எடுத்துக்கொள்ளும் சக்தி இதோடு ஒப்பிட்டால் குறைவு.

திருப்பூர் பாய்லர்களில் பெரும்பாலும் விறகு எரிகிறது. சில இடங்களில் நிலக்கரியும் எரிகிறது. அப்படியானால் விறகுக்காரர் தப்பித்துவிட்டாரா? முழுதாகத் தப்ப முடியாது. அந்த விறகு எங்கிருந்து வந்தது, மரம் திரும்ப நடப்பட்டதா என்ற கேள்வி வரும். மொத்த உமிழ்வைப் பாதியாக்க வேண்டும் என்ற இலக்கும் இருக்கிறது. மின்வாரியத்திலிருந்து வரும் மின்சாரத்தில் அனல்மின் நிலையங்களின் பங்கும் உண்டு. அதுவும் கணக்கில் சேரும்.

இன்னொரு நெருப்பும் இருக்கிறது. அது தண்ணீரைச் சுத்தமாக்க எரிகிற நெருப்பு. அதைப் புரிந்துகொள்ள நொய்யலின் கதைக்குப் போக வேண்டும்.

நொய்யல் கற்றுக்கொடுத்த பாடம்

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. பாசனத்துக்காக 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை திறக்கப்பட்டது. ஏற்றுமதி வளர வளர, மேலே இருந்து சாயத்தண்ணி வந்து அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. கிணறு உப்பானது, நிலம் கெட்டது.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 1990-களின் நடுவில் தொடங்கிய வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு வழங்க வேண்டும் என்று இதற்கென அமைந்த ஆணையம் கணக்கிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகளில் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அந்த நாட்களை ஊர் இன்னும் மறக்கவில்லை. சாயம் போட வெளியூருக்குத் துணி அனுப்ப வேண்டியிருந்தது. செலவும் நாளும் கூடின. தொழிலாளர்கள் பலர் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் பஸ் ஏறினார்கள். அவர்கள் யாரும் கழிவுநீரை ஆற்றில் விடச் சொல்லி முடிவெடுத்தவர்கள் அல்லர்.

பிறகு 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறைக்குத் தொழில் மாறியது. அரசுகள் வட்டியில்லாக் கடன் கொடுத்தன. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரை முதலில் உயிரியல் முறையில் சுத்தம் செய்கிறார்கள். பிறகு ஆர்.ஓ. முறையில் பெரும்பகுதித் தண்ணீரை மீட்டு மறுபடி சாயத்துக்கே அனுப்புகிறார்கள். எஞ்சும் உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி, உப்பைப் பிரிக்கிறார்கள். நாளொன்றுக்குச் சுமார் 13 கோடி லிட்டர் தண்ணீர் இப்படி மறுசுழற்சி ஆவதாகத் தொழில் துறை சொல்கிறது. பிரிக்க முடியாத கலப்பு உப்பும் கசடும் இன்னும் தீராத தலைவலியாகக் குவிந்து கிடக்கின்றன.

இந்த ஆவியாக்கும் வேலைக்கு நிறைய வெப்பமும் மின்சாரமும் தேவை. அதாவது, ஆற்றைக் காப்பாற்றப் போட்ட எந்திரத்துக்கே எரிபொருள் வேண்டும். ஆற்று நீரைக் காப்பாற்று என்று நீதிமன்றம் சொன்னது. இப்போது காற்றையும் காப்பாற்று என்று பையர் சொல்கிறார். இரண்டும் நியாயமான கோரிக்கைகள். ஆனால் ஒன்றின் செலவு மற்றொன்றின் மேல் ஏறுகிறது.

நொய்யலிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது. பிரச்சினை இருபது ஆண்டுகள் வளர்ந்தது. உத்தரவு ஒரே நாளில் வந்தது. முன்கூட்டியே பேசி, செலவைப் பங்கிட்டு மாறியிருந்தால் அத்தனை பேர் பஸ் ஏறியிருக்க வேண்டியதில்லை.

பில் யார் கட்டுவது?

இந்த விஷயத்தில் மேடைகளில் குறைவாகப் பேசப்படும் கேள்வி இதுதான். பாய்லரை மாற்றலாம். வெப்பப் பம்பு, சூரிய வெப்பம், பயோமாஸ் கட்டிகள், குறைந்த தண்ணீரில் சாயம் ஏற்றும் எந்திரம் என்று வழிகள் இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றுக்கும் முதலீடு வேண்டும். 'நிலக்கரி கூடாது' என்று கேட்கும் அதே நிறுவனத்தின் கொள்முதல் பிரிவு, 'பீஸுக்கு இன்னும் சில சென்ட் குறைங்க, இல்லேன்னா ஆர்டர் வங்கதேசத்துக்குப் போகும்' என்றும் பேரம் பேசுகிறது. நிபந்தனை ஒரு கதவு வழியாக வருகிறது, விலைக்குறைப்பு இன்னொரு கதவு வழியாக வருகிறது.

2024-25 நிதியாண்டில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய். நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இங்கிருந்து போகிறது. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் இதன் பெரும்பகுதி சிறு, குறு நிறுவனங்களின் ஜாப் ஒர்க் மேல் நிற்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் வரை வரி விதித்தபோது எத்தனை ஆர்டர்கள் தடுமாறின என்பதை ஊர் பார்த்தது. இப்படிப்பட்ட நேரத்தில் புதிய பாய்லருக்குப் பணம் எங்கிருந்து வரும்? பெரிய ஏற்றுமதியாளர் சமாளித்துவிடுவார். பத்து எந்திரம் வைத்திருப்பவர் என்ன செய்வார்? கடைசியில் அது பீஸ் ரேட்டில் கைவைத்து, தையல்காரரின் தலையில்தான் விடியும்.

வெப்பமும் அவரைத்தான் முதலில் தொடுகிறது. ஷீட் கூரைக்குக் கீழே, நீராவி இஸ்திரிப் பக்கத்தில் ஏப்ரல், மே மாதம் நிற்பவருக்கு வெப்ப அலை என்பது செய்தியில் படிக்கும் விஷயமல்ல. தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் பீஸ் ரேட்டில் இருப்பவர் தண்ணீர் குடிக்கப் போனாலும் அந்த நிமிடத்துக்குக் காசு இல்லை.

பேசி என்ன ஆகப்போகிறது?

இது நியாயமான சந்தேகம். நூற்றுக்கணக்கான இளைஞர்கள் பறந்து போய், பதாகை பிடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிய மாநாடுகள் நிறைய. அந்த அறிக்கைகள் பல அலமாரியில்தான் கிடக்கின்றன.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பசிபிக் பெருங்கடலில் வனுவாட்டு என்ற சின்னத் தீவு நாடு இருக்கிறது. கடல் மட்டம் உயர்ந்தால் முதலில் பாதிக்கப்படும் நாடுகளில் ஒன்று. 2019-ல் அங்கே படித்த 27 சட்ட மாணவர்கள் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள்: பருவநிலையைப் பாதுகாக்கச் சட்டப்படி நாடுகளுக்கு என்ன கடமை, தவறினால் என்ன விளைவு? இதைச் சர்வதேச நீதிமன்றம் சொல்ல வேண்டும் என்றார்கள். முதலில் தங்கள் பகுதி அரசுகளைச் சம்மதிக்க வைத்தார்கள். மாநாடு மாநாடாகப் போய் ஆதரவு திரட்டினார்கள். 2023 மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் கருத்துச் சொன்னது: நாடுகளுக்குச் சட்டக் கடமை உண்டு, மீறினால் இழப்பீட்டுக்கும் இடமுண்டு. அந்தக் கருத்து நாடுகளை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் இனி உலகின் எந்த நீதிமன்றத்திலும் அதை எடுத்துக்காட்டலாம்.

இந்தியாவிலும் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், பருவநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து பாதுகாப்புப் பெறுவது குடிமக்களின் உரிமை என்று ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது.

வினிஷா ஒரு வண்டியோடு போனார். வனுவாட்டு மாணவர்கள் ஒரு கேள்வியோடு போனார்கள். இருவரும் பொதுவாகப் புலம்பாமல், பதில் சொல்லியே தீர வேண்டிய ஒன்றை முன்னால் வைத்தார்கள்.

திருப்பூரிலிருந்து போகும் ஒருவர் எதைக் கொண்டுபோகலாம்?

பாய்லர் பில்லைக் கொண்டுபோகலாம். ஒரு கிலோ துணிக்குச் சாயம் போட எவ்வளவு விறகு, எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர் ஆகிறது. அதில் ஜீரோ டிஸ்சார்ஜுக்கு மட்டும் எவ்வளவு. பாய்லரை மாற்ற எவ்வளவு ஆகும். அதில் பையர் எத்தனை ரூபாய் தருவார்? இந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி, சாசனத்தில் கையெழுத்திட்ட நிறுவனத்தின் பிரதிநிதி முன்னால் வைத்துக் கேட்கலாம். காப் மாநாட்டு வளாகத்தில் அவர்களும் இருப்பார்கள்.

இரண்டாவதாக, ஒரு தொழிலாளியின் நாளைக் கொண்டுபோகலாம். மே மாதத்தில் அயர்ன் பிரிவில் மதியம் இரண்டு மணிக்கு எத்தனை டிகிரி என்று ஒரு சாதாரண வெப்பமானி வைத்தே குறித்து வரலாம். இந்தியோ ஒடியாவோ பேசும் தொழிலாளியிடம் அவர் மொழியில் கேட்டு எழுதலாம். அவர் மாநாட்டுக்கு வர முடியாது. அவர் பேச்சு வரலாம்.

மூன்றாவதாக, திருப்பூர் ஏற்கெனவே செய்ததையும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பிப் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலை போட்ட நிறுவனங்கள் இங்கே நிறைய. 'வனத்துக்குள் திருப்பூர்' என்று ஊர்க்காரர்களே மரம் வளர்க்கிறார்கள். நஞ்சராயன் குளம் 2024 ஆகஸ்டில் ராம்சார் தலமானது. கழிவுநீரை ஒரு சொட்டும் விடாமல் பிடிக்கக் கற்ற ஊர் இது. ஏற்கெனவே போட்ட முதலீட்டை யாரும் விலையில் சேர்த்துத் தரவில்லை என்பதையும் சொல்லலாம்.

வெளிநாடு போக முடியாதவருக்கு உள்ளூரிலேயே ஒரு கதவு இருக்கிறது. 2022 டிசம்பரில் தமிழ்நாடு பருவநிலை மாற்ற இயக்கம் தொடங்கப்பட்டது. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் அதன் கிளை உண்டு. மாவட்ட வன அலுவலர் அதன் பருவநிலை அலுவலர். மேலே சொன்ன கணக்கை முதலில் கலெக்டர் ஆபீஸில் மனுவாகவே கொடுக்கலாம். கல்லூரி மாணவர்களும் தொழிற்சங்கமும் ஏற்றுமதியாளர் சங்கமும் நொய்யல் விவசாயிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து அதைத் தயாரித்தால் இன்னும் பலம்.

2011 ஜனவரியில் திருப்பூருக்கு அவகாசம் முடிந்துபோயிருந்தது. 2030-க்கு இன்னும் கொஞ்சம் நாள் இருக்கிறது.